அப்பாவுக்கு எந்த இ-ரீடர்? பந்தலூர் மழைக்கு நடுவே ஒரு கணக்கு

போன ஆடியில் மழை கொஞ்சம் விட்ட ஒரு காலை, அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்தோம். மேலே மடித்து வைத்திருந்த வேட்டியை எடுத்ததுமே ஈரவாடை அடித்தது. அடியில் இருந்த புத்தகங்களில் பாதிக்கு மேல் பூஞ்சணம் பூத்திருந்தது. அட்டைகள் அப்பளம் மாதிரி வளைந்து, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அப்பா எதுவும் சொல்லவில்லை. அடுப்படியில் பாயை விரித்து, ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, பக்கம் பக்கமாகப் பிரித்துத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். இரண்டு நாள் அதே வேலை. ஒன்பது புத்தகங்களைக் காப்பாற்ற முடியவில்லை.

நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஜூனில் பிடிக்கிற தென்மேற்குப் பருவமழை ஆகஸ்ட் முடிகிற வரை விடாது. தேவாலா, கொளப்பள்ளி, சேரம்பாடி என்று இந்தச் சரிவு முழுக்க அந்த மாதங்களில் சுவர் கூட வியர்த்துக்கொண்டிருக்கும். ஊட்டிக்காரர்கள் பனியைப் பற்றிப் பேசுவார்கள். எங்களுக்கு ஈரம்தான்.

அப்பாவுக்கு ஓர் இ-ரீடர், அதாவது மின்னூல் படிப்பதற்கென்றே இருக்கிற கருவி, வாங்குவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். எதை வாங்குவது என்று முடிவு செய்ய நான்கு மாதம் ஆனது. அதற்குள் கையில் வாங்கிப் பார்த்தது, அளந்தது, விசாரித்தது எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். இந்த மாதிரி ஒப்பீடு ஆங்கிலத்தில் ஏராளமாக இருக்கிறது. நான் படித்த எதிலும் தமிழ் வாசிக்கிற ஒருவர் கண்ணில் படவில்லை. கருவிக்குள் என்ன இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவெடுத்தால் தமிழ் வாசகர் தவறான பொருளை வாங்கிவிடுவார். தமிழில் நீங்கள் படிக்கிற புத்தகம் எங்கே, எந்த வடிவில் கிடைக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

அப்பா என்ன படிக்கிறார் என்று முதலில் சொல்கிறேன். 1964-ல் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. அப்பா 1974-ல், பத்தொன்பது வயதில், அங்கே பொகவந்தலாவையிலிருந்து கிளம்பி, ரயில் பிடித்துத் தலைமன்னார் வந்து, கப்பலில் ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு இந்த மலைக்கு வந்தவர். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்தில்தான் ஓய்வு பெறும் வரை உழைத்தார். பள்ளிப்படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. படிப்பதை மட்டும் நிறுத்தவே இல்லை. இப்போது வயது எழுபது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. பெரிய எழுத்தாக இருந்தால் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் படிப்பார்.

அவர் படிப்பது மூன்று வகை. ஒன்று, இப்போது வருகிற தமிழ் நாவல்கள். இரண்டு, பழைய எழுத்தாளர்களுடைய நாட்டுடைமையான நூல்கள். மூன்றாவதுதான் அவருக்கு உயிர்: இலங்கை மலையகத்தில் அச்சான கதைகள், சிறுபத்திரிகைகள். தோட்டத்து வரிசை வீட்டை லயம் என்றும், அதன் அறையைக் காம்பரா என்றும், காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடத்தைப் பெரட்டுக்களம் என்றும் அந்தப் பேரிலேயே எழுதியவை. அவற்றில் பெரும்பாலானவற்றை இன்றைக்கு எந்தக் கடையிலும் வாங்க முடியாது. 2005-ல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இலங்கைத் தமிழ் மின்னூலகத்தில், பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்த பிடிஎஃப்பாக இருக்கின்றன.

இந்த மூன்று வகைக்கும் ஒரே கருவி பொருந்துமா என்பதுதான் நான்கு மாதக் கதை.

‘கையில போன் இருக்கே, அதுல படிச்சா ஆகாதா?’ என்று அம்மா கேட்டது நியாயம். காசு செலவில்லை. அமேசானின் மின்னூல் செயலியான கிண்டிலை இறக்கினால், அவர்களுடைய கிண்டில் கருவியில் வருகிற அதே புத்தகங்கள் போனிலும் வரும். தமிழை வாய்விட்டுப் படித்துக் காட்டுகிற வசதியும் ஆண்ட்ராய்டு போனில் உண்டு. கண் பார்வை மிகவும் குறைந்தவர்களுக்கு நான் போனைத்தான் சொல்வேன். ஆனால் போன் திரை நீளமே தவிர அகலமில்லை. அப்பாவுக்குத் தேவையான அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கினால் வரிக்கு இரண்டு சொல்தான் நிற்கிறது. புரை எடுத்த கண்ணுக்கு அந்த வெளிச்சம் கூசுகிறது என்றும் சொன்னார். வாசலில் வெயிலில் உட்கார்ந்தால் திரையில் அவர் முகம்தான் தெரிந்தது.

இ-ரீடரின் திரை வேறு சாதி. இ-இங்க் என்பார்கள். அமெரிக்காவில் எம்ஐடி ஆய்வகத்திலிருந்து கிளம்பிய வேலை, 1997-ல் தனி நிறுவனமாயிற்று. திரைக்குள் மயிரிழையைவிடச் சின்னச் சின்னக் குமிழ்கள். ஒவ்வொரு குமிழிலும் ஒரு திரவம், அதில் எதிரெதிர் மின்னேற்றத்தோடு வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் மிதக்கும். மின்சாரம் கொடுத்தால் ஒன்று மேலே வரும், இன்னொன்று கீழே போகும். வந்த துகள் அங்கேயே நின்றுவிடும். பக்கம் திருப்பும்போது மட்டும்தான் மின்சாரம் செலவாகிறது. வெளியிலிருந்து விழுகிற வெளிச்சத்தில் காகிதம் மாதிரியே படிக்கலாம், வெயில் ஏற ஏற இன்னும் தெளிவாகத் தெரியும். இருட்டில் படிக்க உள்ளே விளக்கு உண்டு, அது ஓரத்திலிருந்து எழுத்தின் மேல் விழுமே தவிரக் கண்ணைப் பார்த்து அடிக்காது. அப்பாவிடம் ஒரு கிண்டிலைக் கையில் கொடுத்தபோது, நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, ‘ஒட்டியிருக்குற பேப்பரா புள்ள?’ என்று கேட்டார். போன் அத்தோடு போட்டியிலிருந்து விலகியது.

இனிமேல் வருவது கிண்டிலா, கோபோவா, பூக்ஸா, இந்த மூன்று இ-ரீடர் வகைகளில் எது என்கிற கேள்வி. அதற்கு முன்னால் எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழுக்கு எல்லாமே இதில்தான் இருக்கிறது.

தமிழ் எழுத்து இடமிருந்து வலமாக வரிசையாகப் போவதில்லை. ‘கை’ என்று எழுதும்போது கணினிக்குள் முதலில் ககரம், பிறகுதான் ஐகாரக் குறி. திரையில் காட்டும்போது அந்தக் குறியை முன்னால் தூக்கிப் போட வேண்டும். ‘கொ’ என்றால் குறியை இரண்டாக உடைத்து முன்னாலும் பின்னாலும் வைக்க வேண்டும். இந்த வேலை தெரியாத கருவியில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் நடுவில் புள்ளி போட்ட வட்டமுமாக வரும். தமிழ் எழுத்துருவே இல்லையென்றால் வெறும் கட்டங்கள். அதனால் எந்தக் கருவியை வாங்கினாலும், குறிப்பாகப் பழையதை யாரிடமாவது வாங்கினால், காசு கொடுக்கும் முன் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து கை, கொய்யா, பௌர்ணமி, லட்சுமணன், ஸ்ரீ என்று ஐந்து சொற்களைப் பாருங்கள். ஐந்தும் சரியாக வந்தால் மற்றவை வரும்.

அடுத்தது புள்ளி. மெய்யெழுத்தின் தலையில் இருக்கிற அந்தச் சின்னப் புள்ளிதான் ‘பட்டம்’ என்ற சொல்லையே பட்டம் ஆக்குகிறது. 2022-க்கு முன் வந்த விலை குறைந்த கிண்டிலில் ஓர் அங்குலத்துக்கு 167 படப்புள்ளி (பிக்சல்) தான் திரையில். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் சின்ன எழுத்தாக வைத்தால் மெய்ப்புள்ளி மங்கிப் பக்கத்து வளைவோடு ஒட்டுகிறது. 2022-ல் வந்த சாதாரண கிண்டில், கிண்டிலிலேயே விலை கூடிய பேப்பர்வைட் வரிசையில் 2015 முதல் வந்தவை, கோபோ கிளாரா எல்லாம் 300. அதற்குக் குறைவாக எதையும் தமிழுக்கு வாங்காதீர்கள். கலர் திரையும் இதே காரணத்தால் வேண்டாம் என்று தள்ளினேன். 2024-ல் வந்த கோபோ லிப்ரா கலரில் கறுப்பு எழுத்துக்கு 300 இருந்தாலும் வண்ணத்துக்கு 150தான். மேலே ஒரு வண்ணப் படலம் இருப்பதால் தாள் கொஞ்சம் சாம்பலாகத் தெரியும். அப்பா படிப்பதில் கலர் கிடையாது.

மூன்றாவது விஷயம் சொல்லின் நீளம். எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் எனக்கே இது பிடிபட்டது. ‘திரும்பிப்போய்க்கொண்டிருந்தவர்களுக்கு’ என்று ஒரு சொல் வந்தால் ஆறு அங்குலத் திரையில் அது ஒன்றே ஒரு வரியைப் பிடித்துக்கொள்கிறது. அதற்கு முந்தின வரியில் இரண்டு சொல்தான் இருக்கும். இரண்டு ஓரமும் சமமாக வரும்படி வைத்திருந்தால் அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம் விழும். கண் அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறியே களைத்துப் போகும். தீர்வு இரண்டு. இடது ஓரம் மட்டும் சமமாக இருக்கும்படி மாற்றுங்கள். கிண்டில், கோபோ இரண்டிலும் அமைப்பில் அது உண்டு. இன்னொன்று, ஆறு அங்குலம் வேண்டாம், ஏழு எடுங்கள். பெரிய எழுத்தில் தமிழ் படிக்கிறவருக்கு அந்த ஓர் அங்குலம் வரிக்கு ஒரு சொல்லைக் கூடுதலாகக் கொடுக்கிறது. சாதாரண கிண்டிலும் கோபோ கிளாராவும் அப்பாவின் பட்டியலிலிருந்து விழுந்தது இந்த ஒரு காரணத்தால்தான். உங்கள் கண் நன்றாக இருந்தால் ஆறு அங்குலமே போதும். கையில் 160, 170 கிராம்தான் கனக்கும், சட்டைப் பையில் கூடப் போட்டுக்கொள்ளலாம்.

இப்போது புத்தகம் எங்கே கிடைக்கிறது என்பதற்கு வருகிறேன்.

புதிய நாவல்கள் என்றால் கிண்டில்தான், சந்தேகமில்லை. 2016 டிசம்பரில் அமேசான் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளில் மின்னூல் விற்க ஆரம்பித்தது. அதிலிருந்து தமிழ்ப் பதிப்பகங்களும் தனி எழுத்தாளர்களும் மின்னூல் என்றால் பெரும்பாலும் அங்கேதான் போடுகிறார்கள். மாதச் சந்தா வேறு இருக்கிறது, நான் கட்டியபோது 169 ரூபாய். அதில் நிறையத் தமிழ் நூல்கள் படிக்கலாம்.

பழைய நூல்களுக்கு எந்தக் கருவியும் ஒன்றுதான். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு வரை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த நூல்களை இலவசமாகக் கொடுக்கிறது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இ-பப், மோபி என்ற இரண்டு மின்னூல் கோப்பு வடிவமும் உண்டு, ஆறு அங்குலத் திரைக்கென்றே செய்த பிடிஎஃப்பும் உண்டு. தமிழுக்கு இப்படி உழைக்கிறவர்களை எத்தனை பேருக்குத் தெரியும் என்று நினைக்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. இதை எழுதும் காரணங்களில் அதுவும் ஒன்று. இந்த இ-பப் கோப்பைக் கோபோவில் கேபிள் மாட்டி அப்படியே போடலாம். கிண்டில் 2022 வரை இ-பப்பை ஏற்காமல் அடம் பிடித்தது. இப்போது ‘சென்ட் டு கிண்டில்’ பக்கத்தில் ஏற்றினால் அதுவே மாற்றி அனுப்பிவிடும். ஒரு நாவல் ஓரிரண்டு எம்பிதான் இருக்கும். எங்கள் லைன் வீட்டில் சிக்னல் ஒரு கட்டை வந்தாலும் போன் ஹாட்ஸ்பாட்டில் இறங்கிவிடுகிறது. ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் செய்த கோப்பாக இருந்தால், கருவி தன் எழுத்துருவை மாட்டியதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பையாகத் தெரியும். கருவி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். கோப்பைத்தான் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

கோபோவைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். டொராண்டோவில் இருக்கும் அத்தை மகன், ‘மச்சி, இங்க எல்லாரும் கோபோதான் வச்சிருக்காங்க, வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வரவா?’ என்று கேட்டதிலிருந்து எனக்கு அதன்மேல் ஒரு கண். அது கனடாவில் பிறந்து, 2012-லிருந்து ஜப்பானின் ராகுடென் கையில் இருக்கிற நிறுவனம். இப்போது வருகிற கிளாராவும் லிப்ராவும் தண்ணீரைத் தாங்கும். 2024 மாடல்களுக்கு உதிரிப் பாகமும், பிரித்து மாட்டும் வழிமுறையும் ஐஃபிக்ஸிட் என்கிற ரிப்பேர் தளம் வழியாகப் பொதுமக்களுக்கே கிடைக்கின்றன. நல்ல ரிப்பேர் கடைக்குக் கோயம்புத்தூரோ மைசூரோ போக வேண்டிய எங்களுக்கு அதன் அருமை தெரியும். லிப்ராவில் பக்கம் திருப்ப நிஜமான பட்டன் இருக்கிறது. கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் காய்த்துப்போன விரல் நுனியைத் தொடுதிரை சில நேரம் உணராது. கையுறை போட்டிருந்தாலும் அப்படித்தான். பட்டன் வைத்து வந்த கடைசிக் கிண்டில் ஒயாசிஸ்தான், அதையும் 2024-ல் நிறுத்திவிட்டார்கள்.

இன்னொரு பெரிய காரணம், வாங்கிய புத்தகம் யாருடையது என்பது. கிண்டிலில் நாம் காசு கொடுப்பது படிக்கிற உரிமத்துக்குத்தான். 2009-ல், உரிமையில்லாத ஒருவர் விற்ற நூல்களை, வாங்கியவர்களின் கருவிக்குள்ளேயே புகுந்து அமேசான் அழித்தது. பிறகு ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய நூலைக் கணினிக்கு இறக்கிக் கேபிள் வழியாக ஏற்றுகிற வசதியையும் எடுத்துவிட்டார்கள். தகரப் பெட்டியில் ஐம்பது வருடம் புத்தகம் காத்த ஒருவரின் மகளாக எனக்கு இது உறுத்துகிறது. நல்ல புத்தகம், பேரப்பிள்ளைகள் படிக்க வேண்டிய புத்தகம் என்றால் அச்சிலேயே ஒரு பிரதி வாங்கி, இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைக்கிறேன்.

அப்படியிருந்தும் அப்பாவுக்குக் கோபோ வாங்கவில்லை. தமிழ் நாவல் கடை கிண்டிலில் இருக்கிறது. கோபோவில் தமிழ் ஒழுங்காக வர நாமே கொஞ்சம் வேலை செய்ய வேண்டும். நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவைக் கருவியின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் போட்டு, கோரீடர் என்ற இலவச வாசிப்பு மென்பொருளை ஏற்றி, அதில் கெர்னிங் என்ற இடத்தில் ‘பெஸ்ட்’ வைத்தால் கொம்பும் காலும் அதனதன் இடத்தில் உட்காரும். கணினியோடு புழங்குகிற இளைஞர்களுக்கு அது அரை மணி நேர வேலை. இலவச இ-பப் நூல்களை மட்டுமே படிப்பவர், கோரீடரோடு மல்லுக்கட்டத் தயார் என்றால், கோபோதான் சுதந்திரமான கருவி. வெளிநாட்டில் வாங்கினால் வாரண்டியை இங்கே கேட்க முடியுமா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த மூன்றாம் வகை. ஸ்கேன் செய்த பக்கங்கள்.

ஸ்கேன் என்பது புகைப்படம். எழுத்தைப் பெரிதாக்கு என்றால் கருவிக்குப் புரியாது, படத்தைத்தான் பெரிதாக்கும். அதனால் இங்கே திரையின் அளவுதான் பேசும். ஸ்கேலை எடுத்து அளந்தேன். டெம்மி அளவுப் புத்தகம் 14 சென்டிமீட்டர் அகலம், கிரவுன் அளவு பன்னிரண்டரை. ஆறு அங்குலத் திரையின் அகலம் 9.1 சென்டிமீட்டர், ஏழு அங்குலம் 10.7, பத்தேகால் அங்குலம் 15.7. ஒரு டெம்மிப் பக்கத்தை ஏழு அங்குலத் திரையின் அகலத்துக்குப் பொருத்திக் காட்டினால் எழுத்து அச்சில் இருந்ததில் முக்கால் பங்குதான் வரும். அப்பாவால் அதைப் படிக்கவே முடியாது. பத்தேகால் அங்குலத்தில் மட்டும்தான் புத்தகம் புத்தகமாகவே தெரியும்.

பூக்ஸ் உள்ளே வருவது இங்கேதான். இது சீன நிறுவனம், இ-இங்க் திரைக்குப் பின்னால் ஆண்ட்ராய்டு. பிளே ஸ்டோரிலிருந்து கிண்டில் செயலியைப் போட்டு நாவல் வாங்கலாம், இ-பப் திறக்கலாம், பத்தேகால் அங்குல மாடலில் ஸ்கேன் பக்கத்தை அச்சின் அளவிலேயே படிக்கலாம், பேனாவால் ஓரத்தில் எழுதவும் செய்யலாம். மூன்று வகைக்கும் ஒரே கருவி என்றால் அது இதுதான். ஆய்வு மாணவர்களுக்கும், தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தின் பழைய ஸ்கேன்களோடு வாழ்கிறவர்களுக்கும் யோசிக்காமல் இதைச் சொல்வேன். ஆனால் அந்த மாடல் பேப்பர்வைட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விலை. ஆண்ட்ராய்டு பின்னால் ஓடிக்கொண்டே இருப்பதால் சார்ஜும் கிண்டிலைப் போல நிற்காது. செயலி, அறிவிப்பு, அப்டேட் என்று திரையில் ஏதாவது வந்துகொண்டே இருக்கும். எழுபது வயதில் அதையெல்லாம் தள்ளிவிட்டுக் கதைக்குள் போக வேண்டும் என்பது அவருக்குச் சுமை.

என்னைக் காப்பாற்றியது ஒரு சின்ன வழி. ஸ்கேன் பக்கத்தில் நான்கு புறமும் வெற்று ஓரம் இருக்கிறதல்லவா, அதை வெட்டிவிட்டால்? கிரவுன் புத்தகத்தில் எழுத்து இருக்கிற பகுதி கிட்டத்தட்ட ஒன்பதரை சென்டிமீட்டர் அகலம்தான். பிரிஸ் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. எல்லாப் பக்கத்தையும் ஒன்றின் மேல் ஒன்று போட்டுக் காட்டும். எழுத்தைச் சுற்றி ஒரு பெட்டி வரைந்தால் மொத்தப் புத்தகத்துக்கும் ஓரம் போய்விடும். அந்தக் கோப்பை ஏழு அங்குல பேப்பர்வைட்டில் போட்டு, திரையைப் படுக்கவைத்தேன். படுக்கவைத்தால் அகலம் 14.2 சென்டிமீட்டர். எழுத்து அச்சில் இருந்ததைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக வந்தது. ஒரு பக்கத்தை இரண்டு மூன்று தட்டலில் படிக்க வேண்டும், அவ்வளவுதான். பழுப்பேறிய தாளின் ஸ்கேன் என்றால் பிடிஎஃப் அமைப்பில் கான்ட்ராஸ்டைக் கூட்டிக்கொள்ளலாம். பத்திரிகை போலப் பெரிய தாளுக்கு மட்டும் இந்த வழி உதவாது. ஒரு காலத்தில் தோட்டத்தில் அவர் படித்த இலங்கை நாளிதழ் வீரகேசரியின் பக்கத்தைக் காட்ட வேண்டுமென்றால் டேப்லெட்டைத்தான் எடுக்கிறோம்.

கடைசியாக மழையும் கரண்டும். பேப்பர்வைட்டுக்கு ஐபிஎக்ஸ்8 தரம் இருக்கிறது, நல்ல தண்ணீரில் இரண்டு மீட்டர் ஆழத்தில் ஒரு மணி நேரம் தாங்கும். சாதாரண கிண்டிலுக்கு அது இல்லை. எங்கள் ஊருக்கு இந்த வித்தியாசத்துக்காகவே கூடுதல் காசு கொடுக்கலாம். நனைந்தால் சார்ஜ் போடுகிற துளை நன்றாகக் காயும் வரை கேபிளை மாட்டக் கூடாது, அது மட்டும் நினைவிருக்கட்டும். சார்ஜ் 12 வாரம் வரும் என்கிறார்கள். அது வைஃபையை அணைத்து, ஒரு நாளைக்கு அரை மணி நேரம் படிக்கிற கணக்கு. மொத்தமாகப் பெருக்கினால் 42 மணி நேரம். மூன்று மணி நேரம் படிக்கிற அப்பாவுக்கு இரண்டு வாரம். மரம் விழுந்து மூன்று நாள் கரண்ட் இல்லாமல் இருக்கிற ஊரில் இரண்டு வாரம் என்பது பெரிய விஷயம். குளிரைப் பற்றி ஊட்டிப் பக்கம் தலைக்குந்தாவில் இருக்கும் சித்தி கேட்டார். சுழியம் டிகிரியை ஒட்டிக் குளிர் இறங்கினால் திரைக்குள் இருக்கிற திரவம் கெட்டிப்பட்டு, பக்கம் மெதுவாகத் திரும்பும், முந்தின பக்கத்தின் நிழலும் தங்கும். கருவிக்கு ஒன்றும் ஆகாது. உறைபனி விழுகிற ராத்திரியில் ஜன்னலோரம் வைத்து சார்ஜ் போடாமல், கம்பளிக்குள் வைத்துக்கொண்டால் போதும்.

ஏழு அங்குல பேப்பர்வைட்டையே வாங்கினேன். 2025 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தபோது அதன் விலை 16,999 ரூபாய். எங்கள் வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை. தம்பியும் நானும் பாதிப் பாதி போட்டோம். கொரியர்க்காரர் பந்தலூரிலிருந்து போன் பண்ண, பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன்.

கொடுக்கும் முன்பு ஒரு ராத்திரி உட்கார்ந்து எல்லாம் செய்து வைத்தேன். இடது ஓரச் சமன், பெரிய எழுத்து, வரிக்கு வரி நல்ல இடைவெளி, ராத்திரிக்கு மஞ்சள் வெளிச்சம், எப்போதும் ஏரோப்ளேன் மோட். மாதச் சந்தா இப்போதைக்கு வேண்டாமென்று விட்டேன். ஒரு அட்டையில் பெரிதாக எழுதி உறைக்குள் செருகினேன்: வலப்பக்கம் தொட்டால் அடுத்த பக்கம், இடப்பக்கம் தொட்டால் முந்தின பக்கம், உச்சியில் தொட்டால் வெளியே. அப்பா அந்த அட்டையை இரண்டு நாள்தான் பார்த்தார்.

இப்போது நாற்பத்தொரு நூல் உள்ளே இருக்கிறது. பதினொன்று வாங்கியவை, இருபத்தாறு இலவசம், நான்கு ஓரம் வெட்டிய ஸ்கேன்கள். அந்த நான்கில் ஒன்று 1960-களின் மலையகச் சிறுகதைத் தொகுப்பு. அதை முடித்த அன்று ராத்திரி சாப்பிடும்போது, ‘அந்தக் கணக்கப்பிள்ளை மாதிரி ஒருத்தன் எங்க டிவிசன்லயும் இருந்தான் புள்ள’ என்று ஆரம்பித்து, இதுவரை எங்களிடம் சொல்லாத ஒரு கதையைச் சொன்னார். அதே எழுத்தாளரின் இன்னொரு தொகுப்பும் நூலகத்தில் இருக்கிறதாம், எடுத்துப் போடச் சொல்லியிருக்கிறார். 180 பக்கம், டெம்மி அளவு. எழுத்துப் பகுதி கொஞ்சம் அகலம், அதனால் இடது பக்கத்துக்கு ஒரு பெட்டி, வலது பக்கத்துக்கு ஒரு பெட்டி என்று தனித்தனியாக வரைய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உட்கார வேண்டும்.